மருந்தும் புரதமும்: பற்றும் முறையும் பயன் தரும் வகையும்

நோய் கண்டதும் மனிதன் மருந்தை நாடுகிறான். வேரையும் பட்டையையும் இடித்துக் காய்ச்சிக் குடித்த காலம் தொட்டு, ஆலைகளில் செய்த மாத்திரைகளை விழுங்கும் இக்காலம் வரை இவ்வழக்கம் மாறவில்லை. ஆயினும், உட்சென்ற மருந்து உடலினுள் எங்கே செல்கிறது, எதனைத் தொடுகிறது, தொட்டு என்ன செய்கிறது என்னும் வினாக்களுக்கு நெடுங்காலம் விடை கிடைக்கவில்லை. 'இந்நோய்க்கு இம்மருந்து' என்னும் பட்டறிவு ஒன்றே வழிகாட்டியாக இருந்தது.

இவ்வினாவை முறையாக எழுப்பியோருள் முதன்மையானவர் ஜெர்மன் நாட்டு மருத்துவ அறிஞர் பால் எர்லிக். சில சாயப் பொருள்கள் உயிரணுவின் ஒரு பகுதியில் மட்டும் ஏறி, மற்றப் பகுதிகளில் ஏறாமல் நிற்பதை அவர் நுண்ணோக்கியின் வழியே கண்டார். சாயம் இடம் பார்த்து ஏறுமாயின் மருந்தும் அவ்வாறே இடம் பார்த்துப் பற்ற வேண்டும் என்று கருதினார். எதனையும் பற்றாத பொருள் எச்செயலையும் செய்யாது என்பது அவர் 1913-ஆம் ஆண்டில் நிலைநாட்டிய கொள்கை. இன்றைய மருந்தியலின் அடிப்படை இவ்வொரு கருத்தே எனலாம்.

மருந்து பற்றும் இடம் பெரும்பாலும் புரதமாகும். பற்றுவது எவ்வாறு, பற்றியபின் விளைவது யாது, பற்று நழுவினால் நேர்வது யாது என்பவற்றை ஒரு மெய்யான மருந்தின் வரலாற்றைக் கொண்டு ஈண்டு விளக்கலாம்.

புரதத்தின் இயல்பு

அமினோ அமிலங்கள் என்னும் சிறு உறுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்ட நீண்ட சங்கிலியே புரதம். அவ்வுறுப்புகள் இருபது வகைப்படும். எழுத்துகள் சேர்ந்து சொல்லாவது போல, இவ்விருபதும் பல்வேறு வரிசைகளில் சேர்ந்து பல்லாயிரம் புரதங்கள் ஆகின்றன. ஆனால் புரதம் நீட்டிய கயிறுபோல் கிடப்பதன்று. தன்னில் தானே மடிந்தும் சுருண்டும் ஒரு திட்டமான வடிவத்தைக் கொள்கிறது. அவ்வடிவத்தின் மேற்பரப்பில் மேடுகளும் பள்ளங்களும் உண்டு. ஆழ்ந்த பள்ளங்கள் குகை போன்றவை. புரதம் தன் தொழிலைச் செய்வதும், மருந்து சென்று தங்குவதும் பெரும்பாலும் இக்குகைகளிலேயே.

இவ்வடிவங்களை அறிவதற்கு எக்ஸ் கதிர்கள் துணை செய்தன. பிரிட்டனில் ஜான் கெண்ட்ரூவும் மாக்ஸ் பெருட்சும் தசையிலும் இரத்தத்திலும் உள்ள இரு புரதங்களின் வடிவத்தை அவ்வழியில் கண்டறிந்து, 1962-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றனர். அதற்கு அடுத்த ஆண்டே தமிழகத்திலிருந்து ஒரு பெருந்துணை கிடைத்தது. சென்னைப் பல்கலைக் கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரன், சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகிய மூவரும், புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் முறுக்கிக்கொள்ள இயலும், எவற்றில் இயலாது என்பதைக் கணக்கிட்டு ஒரு படமாக வரைந்தனர். அணுக்கள் ஒன்றோடொன்று மோதாத கோணங்கள் சிலவே என்பது அப்படத்தினின்று விளங்கிற்று. 'இராமச்சந்திரன் படம்' என்று வழங்கும் அதனைக்கொண்டே, புதிதாக அறியப்படும் புரத வடிவங்கள் பிழையற்றனவா என்று இன்றும் உலகெங்கும் சோதிக்கின்றனர்.

பூட்டும் திறவுகோலும்

புரதத்தின் குகையில் சிறு மூலக்கூறு ஒன்று பொருந்துவதை எமில் பிஷர் என்னும் ஜெர்மன் வேதியியல் அறிஞர் 1894-ஆம் ஆண்டில் பூட்டுக்கும் திறவுகோலுக்கும் ஒப்பிட்டார். சர்க்கரைப் பொருள்களைப் பிளக்கும் என்சைம்களை ஆராய்ந்தபோது, ஒரு வடிவமுள்ள பொருளைப் பிளக்கும் என்சைம் அதன் கண்ணாடி நிழல் போன்ற மாற்று வடிவத்தைத் தீண்டாமையை அவர் கண்டார். தனக்குரிய திறவுகோலுக்கே பூட்டுத் திறக்கும் என்பது அவர் தந்த உவமை.

இவ்வுவமை நன்று, ஆயினும் முழுமையன்று. பூட்டு இரும்பாலானது, திறவுகோல் நுழைவதால் அதன் வடிவம் மாறுவதில்லை. புரதமோ நெகிழ்ச்சியுடையது. மூலக்கூறு நெருங்கியதும் குகையின் சுவர்கள் சற்றே அசைந்து அதற்கேற்ப அமைகின்றன. அமெரிக்க அறிஞர் டேனியல் கோஷ்லண்டு 1958-ஆம் ஆண்டில் இக்கருத்தை வெளியிட்டார். கையுறைக்குள் கை நுழைகையில் உறை விரிந்து கையின் வடிவைப் பெறுவது போன்றது இது.

தமிழ் இலக்கணம் கற்பிப்போர்க்கு இவ்வேறுபாடு புதிதன்று. நிலைமொழியும் வருமொழியும் சேரும்போது, 'வாழை மரம்' என்பதுபோல் எம்மாற்றமும் இன்றிச் சேர்வது உண்டு. அஃது இயல்பு புணர்ச்சி. 'வாழைப்பழம்' என ஓரெழுத்துத் தோன்றுவதும், 'பொற்குடம்' எனத் திரிவதும், 'மரவேர்' எனக் கெடுவதும் உண்டு. அவை விகாரப் புணர்ச்சி. பிஷர் கூறியது இயல்பு புணர்ச்சி. கோஷ்லண்டு கூறியது விகாரப் புணர்ச்சி. புரதத்தை நிலைமொழியாகவும் மருந்தை வருமொழியாகவும் கொண்டால், இரண்டும் கூடுமிடத்தில் மாற்றம் நேர்வதே பெரும்பான்மை என்பது இன்றைய அறிவு.

பற்றுக்குக் காரணமான விசைகள்

மருந்து மூலக்கூற்றைக் குகையினுள் நிறுத்துவன யாவை? பெரும்பாலான மருந்துகள் புரதத்தோடு நிலையாகப் பிணைந்துவிடுவதில்லை. மென்மையான பல விசைகள் ஒன்றுகூடியே அவற்றைத் தாங்குகின்றன.

முதலாவது ஹைட்ரஜன் பிணைப்பு. ஆக்சிஜனோடோ நைட்ரஜனோடோ சேர்ந்துள்ள ஹைட்ரஜன் அணு, எதிரே உள்ள மற்றோர் ஆக்சிஜனையோ நைட்ரஜனையோ நோக்கி ஈர்க்கப்படுவது இது. இவ்விரு அணுக்களுக்கும் இடையேயுள்ள தொலைவு ஏறத்தாழ மூன்று ஆங்ஸ்ட்ராம். ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு. தொலைவு சற்று மிகினும் கோணம் சற்றுப் பிறழினும் ஈர்ப்புக் குன்றிவிடும்.

இரண்டாவது, எண்ணெயும் நீரும் ஒட்டாத இயல்பு. மருந்தின் சில பகுதிகளும் குகைச் சுவரின் சில பகுதிகளும் எண்ணெய்த் தன்மை உடையவை. நீரை விலக்கும் அவை ஒன்றையொன்று நெருங்கிக் கூடுகின்றன. அங்கே ஒழுங்காக அடைபட்டுக் கிடந்த நீர் மூலக்கூறுகள் விடுதலை பெற்று வெளியேறுவதும் இக்கூட்டத்துக்கு வலிமை சேர்க்கிறது. மூன்றாவது, நேர்மின்னும் எதிர்மின்னும் ஈர்ப்பது. நான்காவது, அணுக்கள் நெருங்கிப் பொருந்துவதால் எழும் மிக மெல்லிய ஈர்ப்பு. தனித்தனியே அற்பமாயினும், பல அணுக்களின் கூட்டுறவால் இது வலுப்பெறுகிறது.

இங்கே மறக்கலாகாத ஒன்று உண்டு. உடல் முழுதும் நீரால் நிறைந்தது. மருந்து புரதத்தைப் பற்றுவதற்கு முன் இரண்டும் நீரோடு கைகோத்து நிற்பவை. அப்பிடியை விட்டால்தான் இப்பிடி கிட்டும். ஆகவே ஒரு ஹைட்ரஜன் பிணைப்பினால் கிடைக்கும் நிகர ஆதாயம் மோல் ஒன்றுக்கு ஒன்றிரண்டு கிலோ கலோரியை மிகுதியும் தாண்டுவதில்லை. கார்பன் அணுக்கள் இரண்டைப் பிரிக்க வேண்டுமாயின் எண்பது கிலோ கலோரிக்கு மேல் வேண்டும். அதனோடு ஒப்பிட்டால் இஃது எத்துணைச் சிறிது என்பது விளங்கும்.

ஆயினும் இச்சிறு தொகையின் விளைவு பெரிது. பற்றின் வலிமையை அறிஞர் ஓர் அளவால் குறிக்கின்றனர். புரதத்தில் பாதி மருந்தோடு கூடியும் பாதி தனித்தும் இருப்பதற்கு எவ்வளவு மருந்துச் செறிவு வேண்டுமோ, அதுவே அவ்வளவு. பிரிவு மாறிலி என்பது அதன் பெயர். அது குறையக் குறையப் பற்று வலியது. ஆற்றல் 1.4 கிலோ கலோரி மிகுமாயின் பற்று பத்து மடங்கு மிகும். அவ்வளவே குறையுமாயின் பத்தில் ஒன்றாகிவிடும். ஓர் அணு வந்தாலும் போனாலும் மருந்து மருந்தாவதும் வீணாவதும் இக்கணக்கினால்தான். இதனை ஒரு நோயின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

ஒரு நோயும் அதன் வேரும்

எலும்பின் உட்சோற்றில் பிறக்கும் வெள்ளணுக்கள் அளவிறந்து பெருகும் இரத்தப் புற்றுநோய் ஒன்று உண்டு. மெல்ல வளர்வதாயினும் சில ஆண்டுகளில் கடுமையாக முற்றி உயிரைக் கவர்வது அது. 1960-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்போர்டு என்னும் இருவர், இந்நோயுற்றோரின் வெள்ளணுக்களில் குரோமோசோம் ஒன்று இயல்பினும் குறுகியிருப்பதைக் கண்டனர். புற்றுநோய் ஒன்றுக்கும் குரோமோசோம் பழுதுக்கும் உள்ள தொடர்பு இடைவிடாமல் காணப்பட்டது அதுவே முதல் முறை. அந்நகரின் பெயரால் அது பிலடெல்பியாக் குரோமோசோம் எனப் பெயர் பெற்றது.

குறுகியதன் காரணத்தை 1973-ஆம் ஆண்டில் சிக்காகோவின் ஜேனட் ரௌலி அம்மையார் விளக்கினார். ஒன்பதாவது குரோமோசோமும் இருபத்திரண்டாவது குரோமோசோமும் முறிந்து, முறிந்த துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொண்டிருந்தன. அவ்வாறு ஒட்டிய இடத்தில் இரண்டு மரபணுக்கள் இணைந்து ஒன்றாகி, இயற்கையில் இல்லாத ஒரு புரதத்தைப் பிறப்பித்தன. பி.சி.ஆர்.-ஏபிள் என்பது அதன் பெயர்.

ஏபிள் என்னும் பகுதி கைனேஸ் என்னும் என்சைம் வகையைச் சேர்ந்தது. உயிரணுவின் எரிபொருளாகிய ஏ.டி.பி. என்னும் பொருளைத் தன் குகையில் ஏற்று, அதிலிருந்து ஒரு பாஸ்பேட்டுக் கூட்டத்தைக் கழற்றி, வேறொரு புரதத்தில் உள்ள டைரோசின் என்னும் அமினோ அமிலத்தில் ஒட்டுவது அதன் தொழில். பாஸ்பேட்டு ஏறிய புரதம் 'பெருகுக' என்னும் கட்டளையை உயிரணுவுக்குத் தருகிறது. நல்ல உடலில் ஏபிள் தேவைப்படும்போது விழித்து, முடிந்ததும் உறங்கும். அதனை உறங்கச் செய்யும் தாழ்ப்பாள் போன்ற முனைப்பகுதி, குரோமோசோம் முறிந்தபோது இழந்து போயிற்று. அதனால் இரவும் பகலும் ஓயாது பெருக்கக் கட்டளை பிறந்தது.

ஆகவே இப்புரதத்தின் குகையை அடைத்துவிட்டால் நோய் அடங்க வேண்டும். ஆனால் பெரியதோர் இடையூறு இருந்தது. மனித உடலில் ஐந்நூறுக்கு மேற்பட்ட கைனேஸ்கள் உண்டு. அவை அனைத்தும் ஏ.டி.பி.யையே ஏற்கின்றன. ஆதலால் அவற்றின் குகைகள் பெரிதும் ஒத்திருக்கின்றன. ஒன்றை அடைக்கும் மருந்து எல்லாவற்றையும் அடைத்தால் நோயோடு நோயாளியும் மடிய நேரிடும். இவ்வச்சத்தால் இம்முயற்சி பலிக்காது என்று கருதியோர் பலர்.

மூலக்கூற்றை வனைந்த வரலாறு

சுவிட்சர்லாந்தின் பேசல் நகரில் உள்ள சீபா-கெய்கி மருந்து நிறுவனத்தில் அலெக்ஸ் மாட்டர், நிக்கோலஸ் லைடன், யூர்க் சிம்மர்மன், எலிசபெத் புக்டுங்கர் முதலியோர் துணிந்து இம்முயற்சியில் இறங்கினர். அவர்கள் தொடங்கிய மூலக்கூறு இப்புற்றுநோய்க்கு உரியதன்று. புரோட்டீன் கைனேஸ்-சி என்னும் வேறொரு கைனேசைச் சிறிதளவு தடுத்த ஒன்று. அதனைத் தச்சர் மரத்தை இழைப்பது போலப் படிப்படியாகத் திருத்தினர்.

முதலில் அதன் ஒரு முனையில் பிரிடின் வளையம் ஒன்றைச் சேர்த்தனர். உயிரணுக்களினுள் அதன் செயல் வலுத்தது. அடுத்து அமைடுக் கூட்டம் ஒன்றைச் சேர்த்தனர். டைரோசின் கைனேஸ்களைத் தடுக்கும் ஆற்றல் பிறந்தது. பின்னர் ஒரு மெத்தில் கூட்டத்தைச் சேர்த்தனர்; அஃதாவது ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் மட்டுமே. அச்சிறு கூட்டம் மூலக்கூற்றின் ஒரு பகுதியைத் திரும்பவிடாமல் ஒரு கோணத்தில் நிறுத்திற்று. அதனால் முன்பு பற்றிய புரோட்டீன் கைனேஸ்-சியை அது முற்றிலும் கைவிட்டது. வேண்டியதைப் பற்றுவதோடு வேண்டாததை விடுவதும் நல்ல மருந்துக்கு இலக்கணம்.

இறுதியில் மெத்தில்-பிப்பரசின் என்னும் வளையத்தை மறுமுனையில் இணைத்தனர். மூலக்கூறு நீரில் நன்கு கரைந்தது, வாய்வழியே உட்கொள்ளத்தக்கதாயிற்று. இவ்வாறு பிறந்ததே இமாட்டினிப். இருபத்தொன்பது கார்பன், முப்பத்தொரு ஹைட்ரஜன், ஏழு நைட்ரஜன், ஒரே ஓர் ஆக்சிஜன் ஆகியவை சேர்ந்தது அது. அதன் எடையைப் போல நானூறு மடங்குக்கு மேற்பட்டது அது அடக்க வேண்டிய புரதம்.

அமெரிக்காவின் ஆரிகன் மாநில மருத்துவர் பிரயன் டிரக்கர் இதனை நோயாளிகளின் உயிரணுக்களில் ஆராய்ந்தார். நோயுற்ற அணுக்கூட்டங்கள் 92 முதல் 98 விழுக்காடு வரை குறைந்தன. நல்ல அணுக்களுக்கு அத்தகைய கேடு நேரவில்லை. இம்முடிவு 1996-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. 1998-ஆம் ஆண்டில் மனிதர்களிடம் சோதனை தொடங்கிற்று. பழைய மருந்துகளால் பயன் பெறாதவர்களே அதில் சேர்க்கப்பட்டனர். நாள்தோறும் 300 மில்லிகிராமோ அதற்கு மேலோ உட்கொண்ட 54 பேரில் 53 பேருக்கு இரத்த அணுக்களின் எண்ணிக்கை சீரான நிலைக்குத் திரும்பிற்று. 2001-ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்க அரசு மருந்துக்கு ஒப்புதல் வழங்கியது. இம்மருந்தைத் தொடக்கத்திலிருந்தே உட்கொண்டவர்களுள் பத்தாண்டுகளுக்குப் பின் 83 விழுக்காட்டினர் உயிருடன் இருந்தனர் என்று 2017-ஆம் ஆண்டில் வெளியான அறிக்கை கூறிற்று. சில ஆண்டுகளில் உயிர் கவர்ந்த நோய், மாத்திரை உண்டு வாழத்தக்க நோயாக மாறிற்று.

குகையினுள் கண்ட காட்சி

மருந்து பயன் தந்தது. அது பற்றிய விதம் பின்னரே தெளிவாயிற்று. இந்தியாவில் பிறந்தவரான ஜான் குரியன் அமெரிக்காவில் தம் குழுவினரோடு 2000-ஆம் ஆண்டில் எக்ஸ் கதிர்களைக் கொண்டு அவ்வமைப்பைக் கண்டறிந்தார். மருந்து விழித்திருக்கும் ஏபிளைப் பற்றவில்லை. உறங்கும் நிலையில் உள்ள ஏபிளையே பற்றி, விழிக்கவொட்டாமல் தடுத்தது. விழித்துத் தொழில் செய்யும்போது கைனேஸ்கள் எல்லாம் ஒரே தோற்றமுடையன. உறங்கும்போதோ ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாய்க் கிடக்கிறது. ஏபிள் உறங்கும் நிலையில் குகையின் பின்புறம் கூடுதலாக ஓர் இடம் திறக்கிறது. நீண்ட இமாட்டினிப் மூலக்கூறு அதனுள் புகுந்து கிடக்கிறது.

அங்கே ஆறு ஹைட்ரஜன் பிணைப்புகள் அதனைத் தாங்குகின்றன. பிரிடின் வளையம் 318-ஆம் இடத்திலுள்ள மெத்தியோனினையும், நடுவிலுள்ள நைட்ரஜன் 315-ஆம் இடத்திலுள்ள திரியோனினையும், அமைடுக் கூட்டம் 286, 381 ஆகிய இடங்களையும், பிப்பரசின் வளையம் 360, 361 ஆகிய இடங்களையும் பற்றுகின்றன. பேசல் அறிஞர் ஒவ்வொன்றாகச் சேர்த்த உறுப்புகளில் பலவற்றிற்கும் குகையில் ஒரு பிடி இருந்தது.

விளக்கம் இத்துடன் முடிந்தது என்று சில காலம் எண்ணினர். ஆயினும் ஓர் ஐயம் எஞ்சியது. ஏபிளுக்கு உறவான சார்க் என்னும் கைனேசும் அதே உறங்கும் வடிவத்தைக் கொள்ளக்கூடியதே. மருந்தோடு கூடிய அதன் வடிவம் ஏபிளின் வடிவத்தையே ஒத்திருப்பதும் பின்னர்க் காணப்பட்டது. அவ்வாறாயின் சார்க்கை மருந்து ஆயிரக்கணக்கான மடங்கு மெலிதாகப் பற்றுவது ஏன்? அமெரிக்காவின் பிராண்டைஸ் பல்கலைக் கழகத்தில் டோரத்தி கெர்ன் குழுவினர் 2014, 2015-ஆம் ஆண்டுகளில் இதற்கு விடை தந்தனர். மருந்து நுழைந்த பின்னர் ஏபிள் மேலும் ஒருமுறை அசைந்து அதனை இறுக மூடிக்கொள்கிறது. சார்க்கில் அவ்விறுக்கம் அத்துணை வலிதாக நிகழ்வதில்லை. வேறுபாடு நுழைவாயிலில் மட்டும் இல்லை. நுழைந்தபின் நேரும் மாற்றத்திலும் உள்ளது. கூடியபின் திரியும் விகாரப் புணர்ச்சியே ஈண்டு மருந்தின் தகுதியை முடிவு செய்கிறது.

இப்பற்று நிலையானதன்று. மருந்து குகையில் சிறிது காலம் தங்கி விலகும். மீண்டும் வேறொன்று வந்து தங்கும். உடலிலுள்ள மருந்து ஏறத்தாழ 18 மணி நேரத்தில் பாதியாகக் குறைகிறது. ஆகவே இரத்தத்தில் மருந்தின் செறிவு குன்றாதிருத்தல் வேண்டும். நாள் தவறாமல் மாத்திரையை உட்கொள்ளுமாறு மருத்துவர் வற்புறுத்துவதன் காரணம் இதுவே.

ஓரெழுத்துப் பிழை

மருந்து வெளிவந்த அதே 2001-ஆம் ஆண்டில் ஒரு தீய செய்தியும் வந்தது. நோய் முற்றிய நிலையில் இமாட்டினிப் உட்கொண்டவர்களுள் சிலருக்கு, முதலில் நலம் கண்டு பின்னர் நோய் திரும்பிற்று. சார்லஸ் சாயர்ஸ் என்பவரின் குழு அத்தகையோர் ஒன்பது பேரை ஆராய்ந்தபோது, அறுவரிடம் ஒரே மாற்றத்தைக் கண்டது. 315-ஆம் இடத்தில் திரியோனின் இல்லை, ஐசோலூசின் இருந்தது.

மரபணுவின் மொழி நான்கே எழுத்துகளை உடையது. மும்மூன்று எழுத்துகள் சேர்ந்து ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும். ஏ-சி-டி என்பது திரியோனினைக் குறிக்கும். ஏ-டி-டி என்பது ஐசோலூசினைக் குறிக்கும். இடையிலுள்ள ஓரெழுத்து மாறிற்று, அவ்வளவே. ஆனால் விளைவு யாது? திரியோனினில் இருந்த ஆக்சிஜன் அணுவே மருந்தின் நைட்ரஜனைப் பற்றியிருந்தது, அது போயிற்று. ஆறு பிடிகளில் ஒன்று அறுந்தது. அதுமட்டுமன்று; ஐசோலூசினின் பருத்த கார்பன் பகுதி வழியில் துருத்தி நின்று மருந்தை உள்ளே வரவொட்டாமல் தடுத்தது. ஏ.டி.பி.க்கோ அவ்விடத்தின் தயவு தேவையில்லை. அது முன்போலவே வந்து சென்றது. மருந்து தோற்றது, நோய் வென்றது.

மருந்து இம்மாற்றத்தை உண்டாக்கிற்று என்று கருதுதல் பிழை. கோடிக்கணக்கான அணுக்கள் பெருகும்போது இத்தகைய எழுத்துப் பிழைகள் தாமே நேர்கின்றன. மற்ற அணுக்களை மருந்து அழிக்க, பிழையுற்ற அணு மட்டும் பிழைத்துப் பெருகுகிறது.

மருந்தியலார் சோர்ந்துவிடவில்லை. 2006, 2007-ஆம் ஆண்டுகளில் டசாட்டினிப், நைலோட்டினிப் என்னும் மருந்துகள் வந்தன. வேறு பல மாற்றங்களை அவை வென்றன. 315-ஆம் இட மாற்றத்தின் முன் அவையும் தோற்றன. 2012-ஆம் ஆண்டில் வந்த பொனாட்டினிப் அதனைக் கடந்தது. அம்மூலக்கூற்றின் நடுவில் மூன்று பிணைப்புகளால் இறுகிய இரண்டு கார்பன்கள், ஊசிபோல் நேராகவும் மெலிதாகவும் அமைந்தன. துருத்தி நிற்கும் ஐசோலூசினின் பக்கவாட்டில் அது மோதாமல் நழுவிச் சென்றது. ஆயினும் அது வேறு பல கைனேஸ்களையும் பற்றியது. இரத்தக் குழாய்கள் அடைபடும் இடரும் அதனால் நேர்ந்தது. வேண்டாததை விடாத மருந்தின் குறை அது.

2021-ஆம் ஆண்டில் ஒப்புதல் பெற்ற அசிமினிப் முற்றிலும் வேறு வழியை மேற்கொண்டது. அது ஏ.டி.பி. குகையை நாடவே இல்லை. குரோமோசோம் முறிந்தபோது இழந்துபோன தாழ்ப்பாள் முன்பு எவ்விடத்தில் பொருந்தியிருந்ததோ, அவ்வெற்றிடத்தில் சென்று அமர்ந்து, ஏபிளை மீண்டும் உறங்கச் செய்தது. அவ்விடம் மற்றக் கைனேஸ்களில் இவ்வாறு அமைந்திராமையால் இம்மருந்து பெரும்பாலும் பிறவற்றைத் தீண்டுவதில்லை. இயற்கை வைத்திருந்த தாழை மனிதன் திரும்பச் செய்து பூட்டினான் எனலாம்.

சென்னையில் எழுந்த வழக்கு

இமாட்டினிபின் வரலாற்றில் சென்னைக்கும் ஓரிடம் உண்டு. இதன் உப்பாகிய இமாட்டினிப் மெசிலேட்டின் 'பீட்டா' என்னும் படிக வடிவத்துக்கு, சீபா-கெய்கியின் வழிவந்த நோவார்டிஸ் நிறுவனம் இந்தியாவில் காப்புரிமை கோரிற்று. சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006-ஆம் ஆண்டில் அதனை மறுத்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கும், மேல்முறையீட்டு வாரியத்துக்கும், இறுதியாக உச்ச நீதிமன்றத்துக்கும் சென்றது. அறிந்த பொருளின் புது வடிவம், நோய் தீர்க்கும் பயனை மிகுவித்தாலன்றிக் காப்புரிமைக்கு உரியதன்று என்பது இந்தியச் சட்டம். 2013-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் கோரிக்கையைத் தள்ளுபடி செய்தது.

ஆராய்ச்சிக்கு ஆகும் பெருஞ்செலவைக் காப்புரிமையே ஈடு செய்யும் என்பது நிறுவனத்தின் வாதம். எளிய விலையில் மருந்து கிடைக்காவிடில் ஏழை நோயாளி வாழ வழியில்லை என்பது எதிர்வாதம். இவ்விரண்டும் எளிதில் தள்ளத்தக்கன அல்ல. ஆயினும் பற்றும் முறையை அறிந்தோர்க்கு ஒன்று விளங்கும். மருந்துத் தூளின் படிகம் எவ்வடிவினதாயினும் வயிற்றில் கரைந்தபின் அப்படிகம் இல்லை. புரதத்தின் குகையை அடைவது கரைந்த தனி மூலக்கூறே. அது பழைய மூலக்கூறேயாகும். படிகத்தின் வடிவம் மருந்தைப் பாதுகாக்கவும் மாத்திரை செய்யவும் உதவலாம்; ஏபிளைப் பற்றும் ஆறு பிடிகளை அது மாற்றுவதில்லை.

முடிவுரை

எதனையும் பற்றாத பொருள் செயல்படாது என்று எர்லிக் கூறியபோது எதனைப் பற்றுவது, எவ்வாறு பற்றுவது என்பவற்றைக் கண்ணால் காணும் வழி இல்லை. இன்று அணு அணுவாக அதனைக் காண முடிகிறது. ஒரு மெத்தில் கூட்டம் சேர்ந்ததால் மருந்து தன் இலக்கை மட்டும் நாடியது. ஓர் ஆக்சிஜன் போனதால் மருந்து தன் பிடியை இழந்தது. இவ்வளவு நுண்ணிய வேறுபாட்டில் மனித உயிர்கள் தொங்குகின்றன.

மாணவர்க்கு இதனைக் கற்பிப்போர் பூட்டு, திறவுகோல் உவமையோடு நின்றுவிடாமல், கூடுமிடத்தில் இரண்டும் மாறுகின்றன என்பதையும் சேர்த்துச் சொல்லுதல் நன்று. ஓரெழுத்து மாறினால் சொல்லின் பொருள் மாறும் என்பதை நன்கறிந்த தமிழ் மாணவர்க்கு, ஓரெழுத்து மாறினால் நோயின் போக்கு மாறும் என்பதை உணர்த்துவது அரிதன்று.